விடை தெரிந்த பிள்ளை

திருப்பூரில் எனக்கு ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார். பனியன் கம்பெனியில் கைமடிக்கும் பையனாக நுழைந்து, டெய்லராகி, பிறகு சொந்தமாக நாலு மிஷின் போட்டு, இன்று பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் நிலைக்கு வந்தவர். கதை எழுதுகிறவனுக்கு உலகத்தில் தெரியாத விஷயமே இல்லை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அதைக் கலைக்க நானும் இதுவரை முயன்றதில்லை. அதன் பலனைச் சென்ற ஆடி மாதம் அனுபவித்தேன். மகள் வயிற்றுப் பேரனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "இவனைக் கொஞ்சம் கேள்வி கேட்டுப் பாருங்க. பைலட் பரீட்சைக்குப் படிக்கிறானுங்க" என்றார்.

ஆகாய விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜன்னலோரத்து இடம் கிடைத்தால் நல்லது என்பது மட்டுமே. என் சங்கடத்தைப் பையன் கண்டுகொண்டான். "நீங்க ஒண்ணும் யோசிக்க வேண்டாமுங்க ஐயா. கேள்வியெல்லாம் இதுலயே இருக்குதுங்க. நீங்க படிச்சாப் போதும்" என்று தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தான்.

படித்தேன். நான் கேள்வியின் முதல் வரியைத் தாண்டுவதற்குள் "பி" என்பான். அடுத்ததற்கு "டி". அதற்கும் அடுத்ததற்கு "மறுபடியும் பி தானுங்க". 40 கேள்விகளில் 38-க்குச் சரியான விடை. ஒவ்வொரு விடைக்கும் திரையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஒவ்வொரு பச்சை விளக்குக்கும் தாத்தாவின் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

அடுத்த கேள்வி மலைத்தொடரில் உள்ள கணவாய் வழியாகக் காற்று புகும்போது அதன் வேகம் என்ன ஆகும் என்பது.

"சி. கூடும்" என்றான் பையன்.

"ஏன் தம்பி கூடுகிறது?"

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஏன்னு எல்லாம் கேக்க மாட்டாங்கய்யா. சி தானுங்க."

அந்தச் சமயம் மாடிக் கதவு படீரென்று அறைந்து சாத்திக்கொண்டது. முற்றத்தில் குவித்திருந்த கட்டிங் வேஸ்ட் துணிகள் சுழன்று எழுந்து வீட்டுக்குள் வந்தன. வேலைக்காரப் பெண் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள்.

"இது என்ன காற்று?" என்று கேட்டேன்.

"ஆடிக் காத்துங்க."

"எங்கிருந்து வருகிறது?"

"மேக்கால இருந்துங்க."

"ஏன் இந்த ஊரில் மட்டும் இவ்வளவு பலமாக அடிக்கிறது?"

பையன் சிரித்தான். "ஆடின்னா அடிக்குமுங்க ஐயா!"

மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரியில் ஒரு பக்கமும் ஆனைமலையில் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைச் சுவரில் முட்டி, திறந்திருக்கும் இந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து, கொங்குச் சீமையின் மேல் சீறிக்கொண்டு வருகிறது. பல்லடத்துக்கும் உடுமலைக்கும் போகிற வழியெல்லாம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் இதுவே. பையன் பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில்தான் வளர்ந்திருக்கிறான். அந்தக் காற்றைப் பற்றித்தான் திரையில் கேள்வியும் இருந்தது. இரண்டும் ஒன்று என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது 'சி'.

எனக்குப் பையன் மேல் கோபமில்லை. அவன் கெட்டிக்காரன், ராத்திரி இரண்டு மணி வரை கண் விழிக்கிறான். யந்திரத்தின் மேலும் கோபமில்லை; அது சொன்னதைச் செய்கிறது. விடையை விற்றுக் கல்வி என்று பெயர் சூட்டுகிறார்களே அவர்கள் மேலும், அதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பச்சை விளக்கைப் பார்த்துப் பூரிக்கிறோமே நம் மேலும்தான் என் கோபமெல்லாம்.

பரீட்சையைப் பற்றி வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். நம் நாட்டில் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமானால் வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதோடு எழுத்துப் பரீட்சைகளும் தேற வேண்டும். விமானம் செல்லும் வழியைக் கணக்கிடும் சாஸ்திரம், வானிலை, ஆகாயச் சட்டங்கள், யந்திர நுட்பம் என்று பாடங்கள். நடத்துவது டி.ஜி.சி.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். பரீட்சைக்கு உட்காரும் ஒவ்வொருவருக்கும் அது ஒரு எண் கொடுக்கிறது. அதற்குக் 'கம்ப்யூட்டர் எண்' என்றே பெயர். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருக்கும். ஒன்றைத் தொட வேண்டும். 100-க்கு 70 வாங்கினால் தேர்ச்சி. தவறாகத் தொட்டால் மார்க் குறைப்பதில்லை.

பழைய கேள்விகள் திரும்ப வரும் என்ற நம்பிக்கையில் ஒரு வியாபாரம் நடக்கிறது. பரீட்சை எழுதிவிட்டு வருகிறவர்களின் ஞாபகத்திலிருந்து கேள்விகளைப் பொறுக்கி, ஆயிரக்கணக்கில் சேர்த்து, விடையோடு யந்திரத்தில் ஏற்றி விற்கிறார்கள். கைப்பேசியில் படிக்கலாம், பஸ்ஸில் போகும்போது படிக்கலாம், 'ஏன்' என்பதைத் தள்ளிவிட்டு விடையை மட்டும் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஒரு சின்னக் கணக்கு. அந்தக் குவியலிலிருந்தே பரீட்சைக் கேள்விகள் முழுதும் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் 100-க்கு 60 கேள்விகளின் விடையை உருப்போட்டிருக்கிறான். மீதி 40-ஐக் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறான். நாலில் ஒன்று குருட்டாம்போக்கில் சரியாகும், அது 10. ஆக 70. தேர்ச்சி! விமானத்துக்கு இறக்கை எதற்கு என்று கூடத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

"அதனாலென்ன? பரீட்சை பாஸ் பண்ணினாச் சரிதானுங்களே?" என்றார் என் சிநேகிதர்.

அவருக்கு அவருடைய தொழிலின் பாஷையிலேயே பதில் சொன்னேன். அதை இங்கேயும் சொல்கிறேன். திருப்பூர்க்காரர்களுக்கு இது ஒரு நொடியில் விளங்கும். மற்றவர்களுக்கும் விளங்காமல் போகாது.

ஒரு கம்பெனி 5,000 பனியன் தைத்து அட்டைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்பத் தயாராக வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பையரின் ஆள் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். 5,000 பீஸையும் அவர் பார்ப்பதில்லை. ஏ.க்யூ.எல். 2.5 என்பது அவர்கள் வழக்கமாகப் பிடிக்கும் அளவு. அதன்படி 200 பீஸ் எடுத்துப் பார்க்கிறார். 10 பீஸ் வரை குறை இருந்தால் சரக்குத் தேறும். 11-வது குறை தென்பட்டால் மொத்தச் சரக்கையும் தள்ளிவிடுவார். அந்த 200 பீஸைப் பார்த்து 5,000 பீஸைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்? எந்தப் பெட்டியைத் திறப்பார் என்பது கம்பெனிக்காரருக்குத் தெரியாது. அந்த ஒரு காரணத்தால்தான் சொல்கிறார். ஓட்டையோ, ஊசிக்கோடோ, சாயத் திட்டோ எதில் இருந்தாலும் அகப்பட்டுவிடலாம் என்ற பயத்தில் கம்பெனிக்காரர் 5,000 பீஸையும் ஒழுங்காகத் தைக்கிறார்.

எந்தப் பெட்டிகளைத் திறக்கப்போகிறார் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டால்? அந்தப் பெட்டிகளில் மட்டும் நல்ல பீஸை வைத்தால் போதும். அப்போது 200 பீஸும் சொக்கத் தங்கமாக இருக்கும். ஆனால் அந்த 200-க்கு அந்த 200-ஐப் பற்றித் தவிர வேறு எதைப் பற்றியும் அர்த்தமில்லை.

பரீட்சையும் இன்ஸ்பெக்ஷன்தான். ஒரு சாஸ்திரத்தில் ஒருவன் தெரிந்துகொள்ள வேண்டியது ஆயிரமாயிரம் இருக்கும். அதில் 50 அல்லது 100-ஐக் கேட்டுப் பார்த்து, மற்றதும் தெரியும் என்று நம்புகிறோம். எதைக் கேட்பார்கள் என்று தெரியாதவரைதான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. கேள்விக் குவியலை விற்கிறவர் திறக்கப்போகும் பெட்டியின் நம்பரை விற்கிறார். அதை வாங்குகிறவன் தன் மூளையில் அந்தப் பெட்டிகளை மட்டும் நிரப்பிக்கொள்கிறான்.

இன்னொரு வேடிக்கையையும் கவனித்தீர்களா? 200-ல் 11 பீஸ் கெட்டால் பனியன் தோற்றுவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால் அதற்கு விமோசனம் இல்லை. பைலட்டுக்கு 70 போதும். உடம்பில் போடுகிற பனியனிடம் நாம் காட்டும் கண்டிப்பு, உயிரை ஒப்படைக்கிற ஆளிடம் இல்லை. விமானிக்குப் பறந்து காட்டும் சோதனைகள் தனியாக உண்டு. ஆகவே எழுத்துப் பரீட்சை ஒன்றே கதி அல்ல என்பார்கள். வாஸ்தவம். ஆனால் பறந்து காட்டுகிற நாளில் பருவக்காற்று அடிக்க வேண்டும், இறக்கையில் பனி உறைய வேண்டும் என்று யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. அபூர்வமாக வருகிற ஆபத்துக்கு எழுத்துப் படிப்புத்தான் முதல் ஒத்திகை. அதையும் பொய்யாக்கிவிட்டால் என்ன மிச்சம்?

விடையைப் பாடம் பண்ணிக்கொண்டு தேறுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் திருப்பூரிலேயே ஒரு பாடம் உண்டு. முன்பு ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன்; பெயர் வேண்டாம். மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது. ஒரு சூப்பர்வைசர் பெண்களை வரிசையாக உட்கார வைத்து விடை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'எத்தனை மணி நேரம் வேலை?' 'எட்டு மணி நேரமுங்க.' 'தீப்பிடித்தால் எந்த வழியாகப் போவீர்கள்?' 'பின்பக்கத்து வழியாகங்க.' எல்லாருக்கும் விடை தெரிந்திருந்தது. அந்தப் பின்பக்கத்து வழியில் நூல் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

கராச்சியில் ஒரு துணி ஆலைக்கு 2012 ஆகஸ்டில் சர்வதேசச் சான்றிதழ் கொடுத்தார்கள். தொழிலாளர் நலம், பாதுகாப்பு எல்லாம் சரியாக இருப்பதாக அதற்கு அர்த்தம். செப்டம்பர் 11-ம் தேதி அதே ஆலையில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தீ தானாகப் பிடிக்கவில்லை, வைக்கப்பட்டது என்று பிற்பாடு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இருக்கட்டும். உள்ளே அகப்பட்டவர்கள் வெளியே வர முடியாமல் கதவுகள் பூட்டிக் கிடந்தனவே. சான்றிதழ் எழுந்து வந்து அவற்றைத் திறக்கவில்லை. பரீட்சையில் தேறுவது வேறு, தயாராக இருப்பது வேறு என்பதை அந்த ஆலையைவிடப் பயங்கரமாக எது சொல்ல முடியும்?

விமானத் துறையிலும் இது நடந்திருக்கிறது. 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானத் துறை அமைச்சர் தம் நாட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்து, பணியில் உள்ள 860 விமானிகளில் 262 பேர் பரீட்சையைத் தாங்களே எழுதவில்லை என்று அறிவித்தார். பிற்பாடு விசாரணையில் பலர் குற்றமற்றவர்கள் என்று தெரிந்தது. ஆனால் அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது: அந்நாட்டு அரசாங்க விமானக் கம்பெனி ஐரோப்பாவுக்குப் பறக்கக்கூடாது என்று அப்போது போட்ட தடை நீங்க 2024 நவம்பர் ஆயிற்று. பக்கத்து வீட்டைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். 2011-ல் நம் நாட்டிலேயே பொய் மார்க் பட்டியல் கொடுத்து உயர்ந்த லைசென்ஸ் வாங்கிய விமானிகள் பிடிபட்டுக் கைதானார்கள்.

'அது மோசடி, இது படிப்பு. இரண்டையும் ஒன்றாகக் கட்டலாமா?' என்று கேட்பீர்கள். கட்டவில்லை. ஆள் மாறாட்டம் செய்தவன் அரசாங்கத்தை ஏமாற்றினான். விடையை மட்டும் உருப்போட்டவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். முதல்வனுக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது தெரியும். இரண்டாமவனுக்கு அதுவும் தெரியாது. 95 சதவிகிதம் என்று யந்திரம் சொல்லியிருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் கௌரவமானது. தமிழர்களாகிய நாம் மனப்பாடத்தை இகழலாமா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை உருப்போட்டவர்கள்தானே முந்திரி, காணி, மா என்று பின்னக் கணக்குகளை விரல் மடக்காமல் போட்டார்கள்?

மனப்பாடத்தை நான் இகழவில்லை. விமானிக்கும் அது வேண்டும். அவசர காலத்தில் புத்தகத்தைப் புரட்ட நேரமில்லாத சில காரியங்களை அவன் நெட்டுருவாகத்தான் வைத்திருக்கிறான். விமானத் தளக் கோபுரத்திலிருந்து வரும் சிவப்பு, பச்சை விளக்குச் சமிக்ஞைகளுக்கு என்ன அர்த்தம் என்பதை உருப்போடத்தான் வேண்டும். அதற்கு இந்த யந்திரத்தைவிடச் சிறந்த வாத்தியார் கிடையாது. ஆனால் திண்ணைப் பள்ளிப் பையன் உருப்போட்டது வாய்பாட்டை. அதை வைத்துக்கொண்டு அவன் எந்தக் கடையிலும் எந்தக் கணக்கும் போட்டான். 'பதினேழாவது கணக்குக்கு இரண்டாவது விடை சரி' என்று எந்தச் சட்டாம்பிள்ளையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பொருளை மனப்பாடம் பண்ணுவது ஒன்று. பொருள் இருக்கும் இடத்தை மட்டும் மனப்பாடம் பண்ணுவது வேறொன்று. இடத்தை மாற்றிவிட்டால் இரண்டாமவன் திருடு கொடுத்தவன் மாதிரி விழிப்பான்.

ஆகாயம் இடத்தை மாற்றிவிடும். அது கேள்வி கேட்கும்போது நான்கு விடைகளை அடுக்கிக் காட்டுவதில்லை. இது கேள்வி என்றுகூடச் சொல்வதில்லை. 2009 ஜூன் 1-ம் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி உறைந்தது. வேகமானிகள் தாறுமாறாகக் காட்டின. தானியங்கி 'இனி உன் பாடு' என்று விலகிக்கொண்டது. ஓட்டியவர் மூக்கைத் தூக்கினார். தூக்கத் தூக்க இறக்கையின் மேல் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்து, விமானம் தூக்கும் சக்தியை இழந்தது. இதற்கு ஸ்டால் என்று பெயர். 'ஸ்டால், ஸ்டால்' என்று யந்திரமே அலறிற்று. தானியங்கி விலகியதிலிருந்து கடலைத் தொடும்வரை 4 நிமிஷம் 23 விநாடி. தாங்கள் ஸ்டாலில் இருப்பதை விமானிகள் கடைசிவரை புரிந்துகொள்ளவே இல்லை என்று 2012 ஜூலையில் வந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கை சொல்கிறது.

அந்த விமானிகள் குறுக்கு வழியில் தேறியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். அவர்கள் முறையாகப் படித்தவர்கள். ஸ்டாலில் என்ன செய்ய வேண்டும் என்று காகிதத்தில் கேட்டிருந்தால் 'மூக்கைத் தாழ்த்த வேண்டும்' என்று தூக்கத்திலும் சொல்லியிருப்பார்கள். முறையாகப் படித்து, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் இருந்த அறையிலேயே விடை கைக்கு வராமல் போயிற்று என்றால், கேள்வியையே பார்க்காமல் விடையை மட்டும் பார்த்தவன் கதி என்ன என்பதுதான் என் கேள்வி.

யந்திரத்தை எதிர்க்கிற பழம்பஞ்சாங்கம் என்று என்னை யாரும் எண்ண வேண்டாம். யந்திரம் விமானிக்கு எப்படிப் பாடம் சொல்ல வேண்டும் என்பதை ஒருவர் 1929-லேயே காட்டிவிட்டார். அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலைக்காரரின் பிள்ளை எட்வின் லிங்க். அப்பாவின் தொழிற்சாலையில் கிடந்த துருத்திகளை எடுத்து, ஒரு சின்ன விமானக் கூண்டுக்கு அடியில் பொருத்தினார். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால் கூண்டு சாயும், எழும், திரும்பும். முதலில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகையில் மோசமான வானிலையில் வழி தெரியாமல் வரிசையாக மாண்டபோதுதான் அரசாங்கம் ஓடிவந்து ஆறு கூண்டுகள் வாங்கிற்று. பிறகு உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள்.

அந்தக் கூண்டு யாருக்கும் விடை சொல்லவில்லை. அது செய்த உபகாரம் வேறு. உயிர் போகாமல் தப்புச் செய்ய இடம் கொடுத்தது. தப்பாகத் திருப்பினால் தப்பாகச் சாய்ந்து, 'பார், இப்படித்தான் ஆகும்' என்று உடம்புக்கு உணர்த்தியது. யந்திர வாத்தியாருக்கு இலக்கணம் இதுதான் என்பேன்: மாணவனைத் தப்புச் செய்ய விட வேண்டும், ஏன் தப்பு என்று காட்ட வேண்டும். பச்சை விளக்கு விற்கிற வாத்தியாருக்குத் தப்புச் செய்யும் மாணவனைக் கண்டால் ஆகாது. உடனே விடையை எடுத்து நீட்டி வாயை மூடிவிடுகிறார்.

விமானிகளின் பாஷையில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கே ஒரு பழைய அர்த்தம் உண்டு. 1930-களில் பிலிப் டால்டன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய வட்டக் கணக்குச் சட்டம் அது. மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது. கையால் திருப்ப வேண்டும். 100 நாட் வேகத்தில் போகும் விமானத்தின் மேல் குறுக்காக 25 நாட் காற்று அடிக்கிறது என்றால், அதில் ஒரு புள்ளி குத்தித் திருப்பிப் பார்த்தால், சுமார் 14 டிகிரி காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று காட்டும். பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் 46 கிலோமீட்டர் பக்கவாட்டில் தள்ளிப்போய்விடுவோம். ஏறக்குறையத் திருப்பூருக்கும் கோவைக்கும் உள்ள தூரம். அந்தச் சட்டத்தை நாலு தடவை திருப்பிய பையனுக்குக் காற்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். அதே கேள்விக்கு 'ஏ' என்று உருப்போட்டவனுக்குக் காற்றும் தெரியாது, திசையும் தெரியாது.

கடைசியாக என் சிநேகிதர் ஒன்று சொன்னார். அதுதான் என்னைச் சிறிது நேரம் வாயடைக்கச் செய்தது. "நீங்க சொல்றதெல்லாம் சரிதானுங்க. ஆனா டில்லிக்கு அனுப்பி, ரூம் எடுத்துத் தங்க வெச்சு, பெரிய வாத்தியாருகிட்டப் படிக்க வைக்க எங்களால ஆகுமா? பறக்கக் கத்துக்கிறதுக்கே அரைக் கோடிக்கு மேல கேக்கறாங்க. எங்க ஊட்டுப் பையன் பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவன். இந்த மிஷினு சில ஆயிரத்துல கெடைக்குது. ஆயிரந்தரம் கேட்டாலும் சலிச்சுக்காமச் சொல்லுது. பணக்காரன் ஊட்டுப் பையனோட எங்க பையன் போட்டி போட வேற என்ன வழி?"

இந்தக் கட்சியில் நியாயம் இருக்கிறது. கைமடித்தவரின் பேரன் விமானம் ஓட்டலாம் என்று ஆசைப்படுகிற காலம் வந்திருக்கிறதே, அதற்கு யந்திரமும் ஒரு காரணம். அதைத் தட்டிப் பறிக்க நான் யார்?

ஆனால் இந்த நியாயமே என் கோபத்தை இரட்டிப்பாக்குகிறது. பணக்கார வீட்டுப் பையனுக்கு டில்லியில் வாத்தியார் காற்று ஏன் அடிக்கிறது என்று படம் போட்டு விளக்குவார். கேள்விக் குவியலையும் அவன் வாங்கி வைத்துக்கொள்வான். அவனுக்கு அது ஊறுகாய். நம் பையனுக்கு அதுவே சோறு! நாளைக்கு விமானக் கம்பெனியின் நேர்முகத்தில் அதிகாரி ஒருவர் 'ஏன்?' என்று கேட்பார். அப்போது யார் வாயடைத்து நிற்பார்கள்? ஏழைக்குச் சமத்துவம் தருவதாகச் சொல்லிக்கொண்டு காரணத்தை எடுத்து வைத்துக்கொண்டு விடையை மட்டும் கொடுப்பது, நெல்லைத் தான் எடுத்துக்கொண்டு உமியை அளந்து போடுகிற காரியம். அரைக் கோடியைக் கடன் வாங்கிக் கட்டப்போகிறவர் என் சிநேகிதர். உமி என்று தெரியவரும்போது கடன் நின்றுகொண்டிருக்கும்.

அதே சில ஆயிரத்துக்கு நெல்லையே கொடுக்கலாம். இன்றைய யந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் நிறைய இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயைத் திரையில் வரைந்து காற்றை ஓட விட்டுக் காட்டலாம். மலையை மாற்றினால் காற்று எப்படி மாறுகிறது என்று பையனே திருப்பிப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் எண்களை மாற்றிக் கேள்வி கேட்கலாம். விடைகளைக் காட்டாமல், 'நீயே கணக்குப் போட்டு எழுது' என்று காலி இடம் விடலாம். தமிழில் காரணம் சொல்லி, அதே காரணத்தை இங்கிலீஷிலும் சொல்லிப் பழக்கலாம். இவையெல்லாம் முடியாத காரியங்கள் அல்ல. செய்கிறவர்களும் சிலர் இருக்கலாம். வாங்குகிறவர்கள் கேட்டால் மற்றவர்களும் செய்வார்கள். நாம் கேட்பது பச்சை விளக்கு. அதனால் பச்சை விளக்கு விற்கிறார்கள்.

பரீட்சை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூட்டின் சாவி கடையில் விற்கிறது என்றால் சாவி விற்பவனை மட்டும் வைது பயனில்லை; பூட்டை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் அரசாங்கமே கேள்விகளையெல்லாம் வெளியிட்டது. அது விடையை உருப்போடுவதில்தான் முடிகிறது என்று கண்டு பிற்பாடு நிறுத்திக்கொண்டது. நாமும் கேள்வியின் எண்களை மாற்றிக்கொண்டே இருக்கலாம். நாலில் ஒன்றைத் தொடுவதற்குப் பதிலாகக் கணக்கைப் போட்டு எழுதச் சொல்லலாம். பத்துக் கேள்விக்காவது 'ஏன்' என்று நேரில் கேட்கலாம். இதற்குப் பெரிய செலவும் ஆகாது.

அன்று புறப்படும்போது என் சிநேகிதரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "உங்கள் செக்கிங் டேபிளில் ஒரு பெண் இருக்கிறாள். எந்த பீஸில் ஓட்டை என்று நீங்களே முன்னால் சொல்லிக் கொடுத்துவிடுகிறீர்கள். அவளும் தவறாமல் அந்த பீஸைத் தள்ளிவிடுகிறாள். அவளுக்கு செக்கிங் தெரியும் என்று சம்பளம் கொடுப்பீர்களா?"

"அதெப்படிங்க?" என்றார். பிறகு பேசவில்லை. வெளியே காற்று இன்னும் அடங்கவில்லை. பையன் மாடிக்குப் போய் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன பார்த்தானோ, நான் கேட்கவில்லை.

பிள்ளைகளைப் பெற்றவர்களே, தாத்தாமார்களே! ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையின் அறையில் வெளிச்சம் தெரிந்தால் பால் கொண்டுபோய்க் கொடுங்கள். அது நல்ல காரியம். கொடுத்துவிட்டு, திரையில் எரியும் பச்சை விளக்குகளை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். ஏதாவது ஒரு விடையைச் சுட்டிக்காட்டி, 'இது ஏன் கண்ணு?' என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதில்லை. பையன் தயங்குகிறானா, சொல்ல ஆரம்பிக்கிறானா என்பது உங்களுக்குப் புரியும். தயங்கினால், தேறுவதற்கு இன்னும் ஆறு மாதம் ஆனாலும் பாதகமில்லை என்று சொல்லுங்கள்.

இதில் எனக்கும் சுயநலம் இருக்கிறது. அந்தப் பிள்ளை ஓட்டும் விமானத்தில் ஜன்னலோரத்தில் உட்காரப்போகிறவன் நான்தான்.